செவலையின் வாயில் ஒரு கட்டி

நாயின் வாயைத் திறந்து பார்த்ததும் டாக்டர் ஞானதாஸுக்கு உற்சாகம் தாங்கவில்லை.

மேல் ஈறில், கோரைப்பல்லுக்குப் பின்னால், கோழிக்கொண்டைப் பூவைக் கிள்ளி ஒட்டவைத்த மாதிரி ஒரு கட்டி. பக்கத்திலேயே குட்டியாக இன்னும் இரண்டு. சென்னையில் படித்த காலத்தில் புத்தகத்துப் படமாகப் பார்த்ததோடு சரி.

இது மாட்டாஸ்பத்திரி. மாடு வரும், ஆடு வரும், வெக்கை நோய்க் காலத்தில் ஊரே வரும். நாய்க்கு வைத்தியம் பார்க்க இதுவரை ஒருவர்கூட வந்ததில்லை.

இன்றைக்கு வந்திருக்கிறார். வெள்ளியங்கிரிக் கவுண்டர். நாமகிரிப்பேட்டைக்கும் அந்தப் பக்கம் ஊர். மஞ்சள் வெட்டுக்கு ஆள் கிடைக்காமல் எல்லோரும் அலைகிற நேரத்தில், வேலையைப் போட்டுவிட்டு, வண்டி கட்டி, சாக்கு விரித்து, செவலை என்கிற ஒரு நாட்டு நாயைப் படுக்கவைத்துக் கூட்டிவந்திருக்கிறார்.

கம்பவுண்டர் செபஸ்தியான் அவரையும் நாயையும் மாறி மாறிப் பார்த்தான். வெளியே போய்ச் சிரித்துவிட்டு வந்தான்.

“இதுவரைக்கும் என்ன வைத்தியம் பண்ணினீங்க?” என்று கேட்டார் ஞானதாஸ்.

எதைத்தான் பண்ணவில்லை! விரலி மஞ்சளைச் சுட்டு வேப்பெண்ணெயில் குழைத்துத் தடவியிருக்கிறார்கள். குப்பைமேனிச் சாற்றில் உப்புப் போட்டு வைத்திருக்கிறார்கள். கொல்லிமலையிலிருந்து யாரோ கொண்டுவந்த வேர். கடைசியாக, ஒருவர் பேச்சைக் கேட்டு, துரிசைப் பொடித்து வைத்தார்களாம். அன்றைக்கு ராத்திரி முழுக்க ஒரே எரிச்சலாம்.

ஞானதாஸ் டார்ச் விளக்கை அடித்து மறுபடி பார்த்தார். துரிசு பட்டால் ஈறு வெந்துபோகும். செவலையின் ஈறோ பச்சைக் குழந்தையின் ஈறு மாதிரி பளபளவென்று இருந்தது. மஞ்சள் கறைகூட இல்லை.

வேடிக்கைதான். நாய் நக்கித் துப்பியிருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

கவுண்டர் விடவில்லை. கோர்ட்டில் வக்கீல் கேட்கிற மாதிரி ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டார். காரம் ஆகுமா? சூடாகச் சோறு போடலாமா? கத்தி பட்டால் அங்கே இங்கே பரவிவிடும் என்கிறார்களே, மெய்யா?

கட்டி எப்படி வந்தது என்று அவரே ஒரு காரணமும் வைத்திருந்தார்.

“எங்கூட்டுக்காரி தட்டுல மிஞ்சறதத்தானுங்க இது திங்குது. இப்பல்லாம் நெறைய மிஞ்சுது. அந்த எச்சல்லதான் தொத்தியிருக்கும்.”

இந்த மாதிரி காரணங்களை ஞானதாஸ் காலையிலிருந்து சாயங்காலம் வரை கேட்கிறவர். ஒவ்வொன்றுக்கும் மறுப்புச் சொல்லிக்கொண்டிருந்தால் ஒரு மாட்டுக்கும் ஊசி போட முடியாது. ஆமாம் என்பது போலத் தலையை ஆட்டிவைத்தார். அவர் கவனமெல்லாம் கட்டியின்மேல் இருந்தது. விரலால் தொட்டார், அசைத்தார், பல்லை எண்ணி வயதைக் கணக்குப் போட்டார். ஒரு வயதுகூட நிரம்பாத நாய். குட்டி நாய்களுக்கு வந்து தானே போகிற மருதான், சந்தேகமே இல்லை.

“கவுண்டரே, ஒண்ணும் பயப்படாதீங்க. கத்தியும் வேண்டாம், மருந்தும் வேண்டாம். ரெண்டு மாசத்துல தானா உதிர்ந்துடும்.”

“தானாவேங்களா?”

“தானாவே.”

“அறுக்காமயேங்களா?”

“அறுக்காமயே.”

வெள்ளியங்கிரி துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். துடைக்கத் துடைக்கக் கண்ணில் நீர் வந்துகொண்டே இருந்தது. ஐம்பது வயது ஆள், மண்வெட்டி பிடித்துக் காய்த்துப்போன கை, ஒரு நாய்க்காக இப்படி அழுகிறாரே என்று ஞானதாஸுக்கு மனம் நெகிழ்ந்துவிட்டது. இந்த வேலைக்கு வந்ததே இப்படி ஒரு முகத்தைப் பார்க்கத்தான் என்றுகூடத் தோன்றியது.

“நீங்க நல்லா இருக்கோணுஞ் சாமி. கத்தின்னு சொன்னாலே நடுங்கிக்கிட்டுக் கெடக்குதுங்க. போயி மொதல்ல இதச் சொல்றேன்.”

நாயிடம் போய்ச் சொல்வாராம். செபஸ்தியான் மறுபடி வாயைப் பொத்திக்கொண்டான்.

கவுண்டர் செவலையைத் தூக்கி வண்டியில் விட்டார். ஏறி உட்கார்ந்து கயிற்றைப் பிடித்தவர், ஏதோ நினைவு வந்து திரும்பினார்.

“ஏனுங்க, கட்டி உதுந்துபோச்சுன்னா பேச்சு பழையபடி தெளிவா வந்துருமுங்களா?”

செபஸ்தியானால் அதற்குமேல் அடக்க முடியவில்லை. “வரும் வரும். பாட்டே பாடும், போங்க!”

வெள்ளியங்கிரியின் முகம் அப்படியே மலர்ந்தது. தலைக்குமேல் கையெடுத்துக் கும்பிட்டார். மாடுகளைத் தட்டினார். வண்டி தெருவில் இறங்கியது.

செபஸ்தியான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தான். “கேட்டீங்களா சார்? நாய்க்குப் பேச்சு வருமான்னு கேட்டுட்டுப் போறாரு!”

ஞானதாஸ் சோப்புப் போட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தார். செபஸ்தியானோடு சேர்ந்து சிரிக்கத்தான் வாயைத் திறந்தார்.

சிரிப்பு வரவில்லை. தட்டில் நிறைய மிஞ்சுகிறது என்று கவுண்டர் சொன்னாரே, அது யாருடைய தட்டு?

சோப்பு நுரை வழிகிற கையோடு, செருப்பைக்கூடத் தேடாமல், தெருவில் இறங்கி ஓடினார்.

“கவுண்டரே! வண்டிய நிறுத்துங்க! நான் சொன்னது நாய்க்குங்க! நாய்க்கு மட்டுந்தாங்க!”