பொறுமையான அப்பா

மில்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டு மகளுக்கு எதிரே உட்கார்ந்தார். காதை மூடியிருந்த முடியை ஒதுக்கி, காதுக்குப் பின்னால் லேசாகச் சொறிந்துகொண்டார். 'சொல்லு' என்பதுபோல் தலையை ஆட்டினார்.

சாப்பாட்டு டப்பாவைத் தினமும் குப்பைத்தொட்டியில் கவிழ்க்கிற பெண் அவள். ஆள் பாதியாக இளைத்துவிட்டாள். ஏன் என்று கேட்டால் வாயைத் திறப்பதில்லை. அதனால்தான் பள்ளிக்கூடம் அப்பாவையும் மகளையும் இந்தக் கூட்டத்துக்கு வரச் சொல்லியிருந்தது.

ஹாலில் ஈரப் பாயின் வாடை. சுவரில் 'பேசுவோம், கேட்போம்' என்ற பேனர் ஒரு பக்கம் அவிழ்ந்து தொங்கியது. பிள்ளை பேசும், மணி அடிக்கும்வரை பெற்றவர் வாயைத் திறக்கக் கூடாது என்று பள்ளியின் மனநல ஆலோசகர் சொல்லியிருந்தார். அதைக்கூடக் காப்பாற்றத் துப்பில்லாத கூட்டம் அது.

"அப்படி நான் எப்ப சொன்னேன்? பொய் பேசாத," என்று ஒரு அம்மா முதல் வாக்கியத்திலேயே மகள்மேல் பாய்ந்தாள். பக்கத்தில் ஒரு அப்பா, மகன் அழுதுகொண்டிருக்க, செல்போனை நோண்டிக்கொண்டிருந்தார். பெற்றுப் போட்டதோடு கடமை முடிந்தது என்று நினைக்கிற ஜென்மங்கள். பார்க்கவே அருவருப்பாக இருந்தது.

மில்காரர் மட்டும் அசையவில்லை. பாதி ஆயுளை மரம் அறுக்கும் ரம்பத்தின் இரைச்சலில் கழித்தவர். வீட்டிலும் கத்தித்தான் பேசுவார் என்று பேர். அவரா இவர் என்றிருந்தது.

மகள் அவரையே கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். பிறகு கொட்டித் தீர்த்தாள்.

"நான் சாப்பிடுறப்ப மாடு மாதிரி மெல்லுறான்னு உங்க ஃப்ரெண்ட்ஸ் முன்னாடி சொல்லிச் சிரிக்கிறீங்கப்பா. இந்த உடம்புக்கு இன்னொரு தட்டு வேணுமான்னு கேக்குறீங்க. இப்ப ஸ்கூல்ல டப்பாவைத் திறந்தாலே உங்க சிரிப்பு ஞாபகம் வந்து குமட்டுது. வீட்டுல இதைச் சொல்ல எனக்கு தைரியமே வந்ததில்ல."

பெற்ற பெண்ணின் தட்டைக் காட்டி ஊரைச் சிரிக்க வைக்கிறவனெல்லாம் ஒரு மனுஷனா? ஆனால் மில்காரர் முகம் சுளிக்கவில்லை, மறுத்துப் பேசவில்லை. அவள் கண்ணையே பார்த்தபடி, இடையிடையே தலையாட்டிக்கொண்டிருந்தார்.

மணி அடித்தது. எல்லோரும் நாற்காலிகளைத் திருப்பிப் போடுவதைப் பார்த்து மில்காரரும் எழுந்தார். காதோரம் மறுபடியும் சொறிந்துகொண்டார்.

ஆலோசகர் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் பக்கத்தில் வந்து நின்றார். "கேக்குறதுன்னா இப்படிக் கேக்கணும். தன்மேல குத்தம் சொல்லும்போதும் எவ்வளவு நிதானம் பாருங்க. எல்லாரும் இவர்கிட்ட கத்துக்கங்க."

ஹால் முழுக்கக் கைதட்டியது. கைதட்ட மட்டும் அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

வெளியே படியிறங்கும்போது மில்காரர் மகளின் தோளில் கை போட்டார். குரல் தழுதழுத்தது. "நீ சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் அப்பா மனசுல தைச்சிருச்சும்மா. இனிமே பாரு, நான் அடியோட மாறிடுறேன்."

அவள் அந்தக் கையை எடுத்துவிட்டாள்.

"காது மெஷினை நீங்க ஆஃப் பண்ணினதைப் பார்த்துட்டுதான்ப்பா நான் பேசவே ஆரம்பிச்சேன்."