சீறும் நத்தைகள்

"மூணு சீசனா ஒரே தோல்வி. பழைய மாணவர்கள் போன் போட்டுத் திட்டறாங்க, லண்ட்குவிஸ்ட்!" என்றார் கல்லூரித் தலைவர்.

அமெரிக்காவின் அயோவா மாநிலத்திலுள்ள அந்தக் குட்டிக் கல்லூரியின் ‘சீறும் நத்தைகள்’ கால்பந்து அணிக்கு லண்ட்குவிஸ்ட்தான் பயிற்சியாளர். சீசன் முடிந்து, பயிற்சியாளர்களின் தலை உருளும் மாதம் இது.

"சார், இன்னும் ஒரு வருஷம் மட்டும்..."

"முடியாது. எதிரணிக்குத் துளி பயமாவது வேண்டாமா? பார்த்தாலே சிரிக்கிறாங்க! நேத்து கமிட்டியில ஓட்டுப் போட்டுத் தூக்கிட்டோம்."

"சரி சார். என் சாமானை எடுத்துக்கிட்டுக் கிளம்பறேன்."

"நீங்க எங்கே கிளம்பறீங்க? தூக்கினது நத்தையை! இனிமே நாம ‘சீறும் சிங்கங்கள்’."

லண்ட்குவிஸ்ட் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நானே சொல்லணும்னு இருந்தேன் சார். என் பயிற்சியெல்லாம் அந்த நத்தையாலதான் வீணாப் போச்சு!"