பாதியில் நின்ற சுவர்

பிரவுசரின் நடுவில் சாம்பல் நிறக் கட்டம் ஒன்று வெறுமனே கிடக்கிறது. பிடிஎஃப்பைத் திறந்து காட்ட பிளக்-இன் வேண்டுமாம். தம்பி 'அனுமதி' என்பதை அழுத்துகிறான். பக்கத்து நாற்காலி காலியாக இருந்தும் உட்காராமல், அண்ணன் அவன் பின்னால் கைகட்டி நிற்கிறார். வீட்டை இரண்டாகப் பிரிக்கும் வரைபடத்தை இன்ஜினியர் அனுப்பியிருக்கிறார். மாதக்கணக்கில் முகம் கொடுத்துப் பேசாத இருவரையும் அதுதான் இந்த அறையில் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது. படம் மேலிருந்து கீழாக, ஜவ்வு மாதிரி இழுத்து இழுத்து இறங்குகிறது. முதலில் வாசல் தெரிகிறது. அதன் நடுவிலிருந்து புதுச்சுவர் சிவப்புக் கோடாகக் கிளம்பி, கூடத்துக்குள் நுழைந்து, அப்பா பேப்பர் படிக்கும் ஜன்னலோரத்தைத் தாண்டுகிறது. அண்ணனின் மூச்சு தம்பியின் பிடரியில் சுடுகிறது. சமையல்கட்டில் அண்ணியும் தம்பி மனைவியும் எதற்கோ விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். டீ கொதிக்கும் வாசனை வருகிறது. கோடு சமையல்கட்டின் நிலைப்படிக்கு வந்ததும் படம் அப்படியே நின்றுவிடுகிறது. சின்ன வட்டம் மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கிறது. "என்னடா ஆச்சு?" "மாட்டிக்கிச்சுண்ணே. ரீலோட் பண்ணா மிச்சமும் வந்துடும்." விரல் மௌஸ் மேல்தான் இருக்கிறது. அழுத்து என்று அண்ணன் சொல்லவில்லை. டீயோடு வந்த அண்ணி குனிந்து திரையைப் பார்க்கிறார். "ஏம்ப்பா, இதுல நம்ம சமையல்கட்டு எங்க?" தம்பி மௌஸிலிருந்து கையை எடுத்து டம்ளரை வாங்கிக்கொள்கிறான். "அது இன்னும் வரல, அண்ணி." அண்ணன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருகிறார்.