பஞ்சு வைத்த அறை

கடைசிப் பஞ்சுச் சட்டத்தையும் சுவரில் மாட்டிவிட்டு டினேஷ் ஒருமுறை கை தட்டினான். தட்டிய சத்தம் தட்டிய இடத்திலேயே செத்து விழுந்தது.

ஜெனிற்றாவுக்குச் சிரிப்பு வந்தது. இந்த அளவு அறைக்கு ஆறு சட்டம் போதும் என்றுதான் அவன் பார்த்த வீடியோவில் சொன்னார்கள். அவள் புருஷன் இருபத்துநான்கு அடித்து, நான்கு சுவர், கதவு, கூரைத்தட்டு என்று ஒன்றையும் விட்டுவைக்கவில்லை.

பாசிக்குடாவில் திருத்த வேலை நடந்த ஒரு ஹோட்டலில் கழித்துப் போட்ட கண்ணாடிப் பஞ்சு. அதைப் பலகைச் சட்டத்துக்குள் அடைத்து, மேலே திரைச்சீலைத் துணியை இழுத்து அடித்திருந்தான். நாலு நாளாக அவனுடைய இரண்டு கையும் அரித்துத் தடித்துக் கிடந்தன. பார்க்கப் பாவமாக இருந்தது.

திங்கட்கிழமை அவளுக்கு ஒப்பரேசன். புற்று வந்த குரல்வளையை எடுக்கப் போகிறார்கள். அதன் பிறகு பேச்சே இல்லை. பாட்டைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

பதினேழு வருடமாகத் தவக்காலத்தில் ஆண்டவருடைய பாடுகளை அவள் பாடித்தான் மாதா கோயிலில் ஊர் அழுதிருக்கிறது. இனி வரும் வருடங்களிலும் அவள் குரலே பாடட்டும் என்று, அதைப் பதிந்து வைக்கத்தான் டினேஷ் பின்னறையைப் பஞ்சால் மூடினான். கோயிலில் மைக்செட் அவன் பொறுப்பு. சத்தத்தின் நல்லது கெட்டது அவனுக்குத் தெரியும்.

சில மாதமாகப் பேச்சு கரகரத்தது உண்மைதான். கொத்தமல்லி அவித்துக் குடித்தாள், கற்கண்டு சப்பினாள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை மைக்கின் முன்னால் நின்றால் குரல் பழையபடி பொங்கி வந்துவிடும். பாட்டுக்கு ஒரு குறையும் இல்லாதபோது ஆஸ்பத்திரிக்கு எதற்கு ஓடுவது என்று இருந்துவிட்டாள்.

டினேஷ் மின்விசிறியை நிறுத்தினான். ஹெட்போனை மாட்டிக்கொண்டு, தொடங்கு என்று தலையசைத்தான்.

முதல் அடியைப் பாடினாள்.

யாரோ தகரத்தைத் தரையில் இழுப்பது போலிருந்தது.

இரண்டாவது அடியை எடுத்தாள். உச்சத்துக்குப் போகவேண்டிய இடத்தில் வெறும் காற்றுத்தான் போனது.

மைக்கைப் பார்த்தாள். சுவர்களைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள். அவன் திடுக்கிடவே இல்லை. குனிந்தபடி கையைச் சொறிந்துகொண்டிருந்தான்.

“ஒளிக்காமச் சொல்லுங்க. எப்ப இருந்து இப்பிடி இரிக்கி?”

“ஆவணியில கோயில் கொடியேத்தின நாளில இருந்து. உனக்குத் தெரிஞ்சா மனமுடைஞ்சி போயிருவாயெண்டு, ஒவ்வொரு கிழமையும் மைக்செட்டில எக்கோவக் கூட்டிக் கூட்டி விட்டன்.”

ஆவணியிலிருந்து மாசி வரை விரல் விட்டு எண்ணினாள். ஆறு மாதம்.

போன கிழமை டொக்டர் சொன்ன ஒன்றை அவள் இவனிடம் சொல்லவில்லை. கேட்டால் தாங்கமாட்டான் என்று மறைத்திருந்தாள். ஆறு மாதம் முந்தி வந்திருந்தால் குரல்வளையை எடுக்க வேண்டி வந்திராதாம்.

அதை அவனிடம் சொல்வதற்குத் திங்கட்கிழமை வரை அவளுக்குக் குரல் இருந்தது.