சிவப்புக் கதவு

"இந்த ஆளுக்கா இவ்ளோ மெனக்கெடுறே?" தங்கைக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அக்கா உருவாக்கிய முதல் வீடியோ கேமை விளையாடிக்கூடப் பார்க்காமல், 'குப்பை' என்று இணையமெங்கும் எழுதி மண்ணைக் கவ்வ வைத்தவன் அவன். இப்போது தன்னுடைய கேமுக்கு, ஆன்லைன் கடையில் வைக்க ஒரு முகப்புப் படம் கேட்டு அவளிடமே வந்திருந்தான்.

அக்கா வரைந்திருந்த படத்தை, கடையில் தெரியப்போகும் நகத்தளவுக்குச் சுருக்கிப் பார்த்தாள். காடு, கோட்டை, நிலா எல்லாவற்றையும் அழித்தாள். மிஞ்சியது ஒரு சிவப்புக் கதவு, அதன் இடுக்கில் ஒரு கண். பார்த்தவன் உள்ளே போகாமல் நகர மாட்டான்.

கேம் வெளியான அன்றே கூட்டம் மொய்த்தது. "பழசை மனசுல வெச்சுக்காம செஞ்சு குடுத்தீங்க" என்று அவன் போனில் தழுதழுத்தான்.

அவள் போனை வைத்ததும் தங்கை பொரிந்தாள். "உனக்கு ரோஷமே இல்லையாக்கா? ஏனோதானோன்னு வரைஞ்சிருந்தா ஒருத்தனும் எட்டிப் பாத்திருக்க மாட்டான்."

"பாக்கலைன்னா அவன் தப்பிச்சிருப்பானேடி" என்றாள் அக்கா. "நான் அவனை மாதிரி இல்ல. விளையாடிப் பாத்துட்டுத்தான் வரைஞ்சேன். கேமுக்குள்ள அந்தச் சிவப்புக் கதவு ஏதோ ஒரு மூலையில கிடக்கு. அதைத் திறந்தா கேம் அப்படியே நின்னுபோகுது. அது அவனுக்கே தெரியாது. இனிமே வர்றவன் எல்லாம் அந்தக் கதவைத்தான் முதல்ல தேடுவான்."