பதினோரு வருஷம் பார்க்காத ஆட்டம்

"ஏசி போதலை," என்றார் ஹர்யந்தோ, ஏழாவது முறையாக. ஜகார்த்தாவிலிருந்து பாலி சுற்றிப் பார்க்க வந்தவர்.

டிரைவர் சுவேந்திரா ஏசியைக் கூட்டினான். பழக்கூடைகளைத் தலையில் சுமந்த பெண்கள் சாலையை அடைத்துக்கொண்டு போனார்கள். கோயில் ஊர்வலத்தைப் பார்த்து ஹாரன் அடிக்க முடியாது.

போன் அடித்தது. ஸ்பீக்கரில் அவன் ஊர்க் கோயில்காரர் குரல். "நாலு மணி வரைக்கும்தான் உன் இடம். அப்புறம் கோமாங்குக்குக் கொடுத்துடுவோம்."

"கொடுத்துப் பாரு, அவன் காலை உடைக்கிறேன்!"

ஹர்யந்தோ சிரித்தார். "உங்க ஊர்க் கோயில் சிங்க ஆட்டம்தானே? நூறு தடவை பார்த்திருப்பே. எதுக்கு இந்தப் பறப்பு?"

"ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை சார்."

"வருஷா வருஷம் போறேன்னு காலையில சொன்னியே?"

"பதினோரு வருஷம் போனேன். பார்க்கலை."

"குடிச்சிட்டுத் தூங்கிட்டியா?"

சுவேந்திரா வழி கிடைத்ததும் வண்டியை விரட்டினான். நாலுக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் ஹர்யந்தோவை முதல் வரிசையில் உட்காரவைத்துவிட்டு ஓடினான்.

மேளம் முழங்க, கோயில் படியில் சிங்கம் இறங்கியது. ஊரே எழுந்து கத்தியது. உடம்பெல்லாம் கண்ணாடிச் சில்லு மின்ன, அது நேராக ஹர்யந்தோவிடம் வந்து, அவர் மூக்கருகே மரத்தாடையைப் படாரென்று மூடியது.

உள்ளேயிருந்து குரல் வந்தது. "ஏசி போதுமா சார்?"

"நீயா!"

"பதினோரு வருஷம் பின்னங்காலா இருந்தேன். முன்னாடி ஆடுறவன் முதுகைத் தவிர ஒண்ணும் தெரியாது. இன்னைக்குத்தான் தலை. எல்லாம் தெரியுது சார், நீங்க வாயைப் பிளந்துக்கிட்டு நிக்கிறதுகூட!"