இரவல் சிலிர்ப்பு

எங்கள் பெரம்பூர் பிளாக்கில் மூன்றாவது மாடி பிராங்க்ளின் ட்ரான்ஸ் இசை டிஜே. பத்தாயிரம் பேரை ஆட வைக்கும்போது அவன் உடம்பில் ஓடிய சிலிர்ப்பை ஒரு கம்பெனி அவனிடம் துளி மிச்சமில்லாமல் மொத்தமாக வாங்கிக்கொண்டது. இப்போது அது மணிக்கட்டுப் பட்டையில் மாதச் சந்தாவுக்குக் கிடைக்கிறது. எத்தனையோ பேருடையது விற்பனைக்கு இருந்தாலும் நானும் அவனுடையதைத்தான் வைத்திருக்கிறேன். பாத்திரம் தேய்க்கும்போது கட்டிக்கொண்டால் சுகமாக இருக்கும். அவன் இன்னும் மேடையேறுகிறான், கொட்டாவி விட்டுக்கொண்டே பாட்டு போடுவதாகக் கேள்வி.

நேற்று அவன் மகள் முதன்முதலாக "அப்பா" என்றாளாம். இவன் "ம்" என்றுவிட்டு போனைப் பார்த்தானாம். மனைவி பெனிட்டாவின் சத்தம் என் அடுக்களைவரை வந்தது. நான் ஒன்றும் ஒட்டுக் கேட்கவில்லை.

"பெத்த புள்ள கூப்புடுது, செவுரு மாதிரி நிக்கிறியே! இன்னொரு வாட்டி இப்படி நின்னே, நான் அம்மா வீட்டுக்குப் போயிடுவேன்."

சற்று நேரத்தில் என் வாசலில் நின்றான். "அக்கா, உங்க பட்டைய அஞ்சு நிமிஷம் குடுங்க. பாப்பா திரும்பக் கூப்புடும்போது கட்டிக்கிறேன்."

கொடுத்துவிட்டுச் சும்மா இருப்பேனா? பின்னாலேயே போனேன். குழந்தை "அப்பா" என்றது. அவன் கை ரோமமெல்லாம் குத்திட்டு நின்றது. பெனிட்டா அழுதேவிட்டாள்.

பட்டையைக் கழற்றி என்னிடம் நீட்டினான்.

"நல்லாருக்குக்கா. யாரோடது இது?"